அனுப்பி வைத்தவர்கள்

சுண்ணாம்புக்குளத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் பெண்கள் காலையில் முதல் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அதற்குள் தண்ணீர் பிடித்து வைத்து, அம்மாவோடு உட்கார்ந்து இறாலைப் பெரியது சிறியது என்று பிரித்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். முதல் மணி வகுப்பில் அவர்கள் விரல்களில் இறால் வாசம் இருக்கும். பழவேற்காடு ஏரிக்கரைப் பிள்ளைகள் என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு மாணவி 800 மீட்டர் ஓடினாள். உயரமான பெண், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நான் அப்போது கல்லூரி விளையாட்டுக் குழுவில் உறுப்பினர். எனக்கு அதில் இடம் கிடைத்ததற்கு ஒரே காரணம், மாணவிகளோடு வெளியூர் போக ஒரு பெண் பேராசிரியர் தேவைப்பட்டார் என்பதுதான். கல்லூரிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். தோற்ற அணியோடு வந்திருந்த ஒருவர் நடுவர் மேசைக்குப் போய், "அது பொண்ணுதானா, சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர் என்னை அழைத்து, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். எந்த விதியின்படி என்று நான் கேட்கவில்லை. அவளிடம் போய், "சின்ன சர்டிபிகேட்தாம்மா, வாங்கிட்டு வந்துடு" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த மாதம் வகுப்புக்கும் வரவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அவள் அம்மா அன்னக்கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "நீங்கதானே டீச்சரம்மா கூட்டிக்கினு போனீங்க? அங்க அவன் கேட்டப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பெண்களின் விளையாட்டு வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். யார் ஓடினார்கள், எத்தனை நொடியில் ஓடினார்கள் என்பதெல்லாம் எளிதாகக் கிடைத்தன. ஓடியவளை அனுப்பி வைத்தவர்கள் அவளிடம் கேள்வி எழுந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பதைத்தான் வரிகளுக்கிடையே தேட வேண்டியிருந்தது.

அவள் ஓடிய தூரத்திற்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதின. பெண் உடலுக்கு இது ஆகாது என்று முடிவு கட்டி அந்த ஓட்டத்தையே நீக்கிவிட்டார்கள். 1960இல் ரோமில்தான் அது திரும்பி வந்தது. அதாவது 32 ஆண்டுகள். முதலில் பெண்ணால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்றார்கள். ஓடிக் காட்டிய பிறகு, இவ்வளவு வேகமாக ஓடுகிறவள் பெண்ணாக இருக்க முடியாது என்றார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மட்டும் குரோமோசோம் சோதனை வந்தது.

அந்தச் சோதனையின் கதை ஒரு பல்கலைக்கழகப் போட்டியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தன. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீஞோ, முன்பு வாங்கியிருந்த 'பெண்மைச் சான்றிதழை' எடுத்துவர மறந்துவிட்டார். மறுபடி சோதித்ததில் அவர் 'தேறவில்லை'. காலில் அடிபட்டது போல நடித்து ஒதுங்கிக்கொள்ளும்படி அவருடைய அணித் தரப்பே சொன்னது. அவரும் அப்படியே செய்தார். அடுத்த ஆண்டு தேசியப் போட்டியிலிருந்தும் சத்தமில்லாமல் விலகச் சொன்னார்கள். அவர் மறுத்து, ஓடி, வென்றார். உடனே செய்தி வெளியே கசிந்தது. உதவித்தொகை, தங்குமிடம், பதிவேட்டில் இருந்த சாதனைகள் எல்லாம் பறிபோயின.

அவருக்காகப் பேசியவர்களில் முக்கியமானவர் ஃபின்லாந்தின் மரபியல் ஆய்வாளர் ஆல்பர்ட் டி லா ஷப்பெல். குரோமோசோமை வைத்து ஒருவர் பெண்ணா என்று தீர்மானிப்பது அறிவியலாகாது என்று அவர் தொடர்ந்து எழுதினார். 1988இல் பத்தீஞோவுக்குப் போட்டியிடும் உரிமை திரும்பக் கிடைத்தது. உலகத் தடகளச் சம்மேளனம் 1992இலும், ஒலிம்பிக் குழு 1999இலும் எல்லாப் பெண்களையும் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டன. பத்தீஞோ பின்னாளில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற கதவை மட்டும் மூடாமல் விட்டார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் சாந்தி சௌந்தரராஜனைப் பிடித்தார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தலித் பெற்றோரின் மகள் சாந்தி. 2005இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் மறுபடி வெள்ளி. பிறகு அவரைச் சோதனைக்கு அழைத்துப் போனார்கள். என்ன சோதனை, எதற்கு என்று தனக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை என்று அவர் பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய அந்தரங்கச் செய்தியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. அதைத் தாண்டி அவருக்காக மேல்முறையீடு செய்ய யாரும் கிளம்பவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். அதன்பிறகு பயிற்சியாளர் பட்டயம் படித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004இல் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. தோகா நடந்தபோது நம்மிடம் மரபியல் துறைகள் இருந்தன, சட்டக் கல்லூரிகள் இருந்தன, பெண்ணியல் மையங்கள் இருந்தன. நானும் அப்போது ஆய்வு மாணவி. தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று சொல்லி என் அத்தியாயத்துக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி.

எட்டு ஆண்டுகள் கழித்து ஒடிசாவின் தூத்தி சந்துக்கு இதே நிலை வந்தது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் செல்ல இருந்தவரை, ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். வயது 18. இந்த முறை கல்வியாளர்கள் எழுந்தார்கள். விளையாட்டும் பாலினமும் குறித்து ஆய்வு செய்திருந்த பயோஷ்னி மித்ரா அவரோடு நின்றார். தானும் ஓட்ட வீரராக இருந்த டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் கிட் துணைக்கு வந்தார். கட்டணம் வாங்காமல் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 2015 ஜூலையில் லோசானின் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. 2019இல் நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் தூத்தி 100 மீட்டரில் தங்கம் வென்றார்.

சாந்திக்கும் தூத்திக்கும் நடுவே அறிவியல் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. பத்தீஞோ வழக்கிலேயே சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது. ஒருத்திக்கு, "எந்த விதி, என்ன ஆதாரம்?" என்று எதிர்க்கேள்வி கேட்க ஆள் இருந்தது. மற்றவளுக்கு இல்லை.

கேட்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஏரிக்கரைக்குப் புதிய விஷயமல்ல. பழவேற்காட்டுக் குப்பங்களில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை இல்லாமல் பங்கிடும் நல்ல முறை என்று ஆய்வாளர்கள் புகழ்கிறார்கள். ஆனால் முறைப்பட்டியலில் இடம்பெறுவது குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்த மணமான ஆண்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அதில் பெயர் இல்லை. வேலை உண்டு, கூட்டத்தில் இடமில்லை.

இடம் கிடைத்துப் பிறகு இழந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் 1971இல் கல்லூரிப் பெண்களின் விளையாட்டுக்கென்று ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் உடற்கல்விப் பேராசிரியைகள். மறு ஆண்டே கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் ஒன்பது' சட்டம் வந்தது. மாணவிகளின் விளையாட்டுக்குப் பணம் வரத் தொடங்கியது. பணம் வந்ததும், அதுவரை ஆண்கள் விளையாட்டை மட்டும் கவனித்துவந்த என்.சி.ஏ.ஏ. 1981–82இல் பெண்கள் போட்டிகளையும் எடுத்துக்கொண்டது. பேராசிரியைகளின் சங்கம் மூடப்பட்டது. 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் பெண்கள். இன்று பாதிக்கும் குறைவு. ஓடும் பெண்கள் பல மடங்கு கூடினார்கள், ஓட்டத்தை நிர்வகிக்கும் பெண்கள் குறைந்தார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பேராசிரியைகளின் முன்னோடிகள், பெண்ணுக்குப் போட்டி நல்லதல்ல என்று மாணவிகளைப் பல ஆண்டுகள் தடுத்து வைத்தவர்கள். மேசையில் பெண் உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவர்களும் நானும் சாட்சி.

நம்மிடம் இப்போது சட்டம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டரங்கையும் பயிற்சி நடக்கும் இடத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பேராசிரியை தலைவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகாரானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் உறுப்பினர்கள். துணைவேந்தர், முதல்வர் போன்ற உயர் நிர்வாகிகள் அதில் இருக்கக் கூடாது. உடலை இழிவுபடுத்தும் பாலியல் பேச்சை அங்கே கொண்டு போகலாம். ஆனால் கல்லூரிகளில் விளையாட்டுக் குழுவும் புகார்க் குழுவும் இரண்டு கோப்புகள். ஒன்று பயணப்படியைப் பற்றிக் கூடுகிறது, மற்றொன்று நாக் குழு வரும்போது கூடுகிறது.

இது அவசரமானதும்கூட. 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட விரும்புகிறவர்கள் எல்லோரும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. மேலே வைக்கும் விதி கீழே மாவட்டப் போட்டிக்கு வந்து சேரும்போது விதியாக வராது, வாய்ப்பேச்சாகத்தான் வரும். உயரமாக, கறுப்பாக, தட்டையான மார்போடு ஓடுகிற எந்தப் பெண்ணைப் பார்த்தும் யாரோ ஒருவர் கேட்பார்.

அந்த மாணவி மறு ஆண்டு திரும்பி வந்து பட்டம் முடித்தாள். ஓடவில்லை. எங்கள் விளையாட்டுக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இப்போது ஒரு பத்தி இருக்கிறது. மாணவியின் பாலினம் குறித்து எழுப்பப்படும் எந்தக் கேள்வியும் எழுத்தில், விதி எண்ணோடு வர வேண்டும். அதை முதலில் உடன் சென்ற ஆசிரியர் எதிர்கொள்ள வேண்டும். மாணவியிடம் மைதானத்தில் எதுவும் கேட்கக் கூடாது. அதன் நகல் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். அதைச் சேர்க்க இரண்டு ஆண்டுகளும் நான்கு கூட்டங்களும் ஆயின. "நம்ம காலேஜ்ல இதெல்லாம் எங்க மேடம் நடக்குது?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன், நான் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்து.

அந்தப் பத்தியை எழுதிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்குளம் போனேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அன்னிக்கு இது இருந்திச்சின்னா நீங்க பேசியிருப்பீங்களா டீச்சரம்மா?" என்றார். பேசியிருப்பேன் என்றுதான் சொன்னேன்.