வன்னியிற் கடைசற் பொறியும் வலுவின் வரலாறும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை ஆராய்வோர் குளங்களையும் குடியேற்றங்களையும் விரித்துரைப்பர். உழவு இயந்திரத்தின் தேய்ந்த அச்சைக் கடைந்து கொடுத்த பட்டறையை நினைப்பவர் சிலரே. 1936 இல் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்தின் வயல்களுக்கு இயந்திர உழவு வந்தபின், அப்பட்டறையும் வேளாண்மையின் உறுப்பாயிற்று.

கடைசற் பொறியின் வெட்டலகு இருமுறை பெருமாற்றங் கண்டது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான ரெயிலரும் வைற்றும் உயர்வேக உருக்கைத் தந்தனர். 1920களில் ஜேர்மனியின் குரூப் நிறுவனம் தங்குதன் காபைட்டை 'விடியா', அஃதாவது வைரம் போன்றது, எனும் பெயரில் விற்பனைக்கு விட்டது. அதன் வேகத்தையே நூல்கள் புகழ்கின்றன. அதற்குரிய வலு எங்கிருந்து வரும் என்பதே எம் வினா.

மென்னுருக்கில் 2 மி.மீ. ஆழமும் சுற்றொன்றுக்கு 0.2 மி.மீ. நகர்வும் வைத்து, நிமிடத்துக்கு 30 மீற்றர் வேகத்தில் வெட்ட ஏறத்தாழ 0.4 கிலோவாற்று போதும். காபைட்டுக்குரிய 120 மீற்றர் வேகத்தில் அதே வெட்டுக்கு 1.6 கிலோவாற்று வேண்டும், உராய்விழப்பு வேறு. சிறு மோட்டரெனின் ஆழத்தைக் குறைக்க நேரும். வேகத்தைக் குறைத்தாலோ அலகின் விளிம்பில் உலோகம் ஒட்டி, விளிம்பு உதிரும். வெட்டின் நடுவே மோட்டர் திணறி நின்றால் அலகே உடையவுங் கூடும்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி மின்வலையின்றியும் பொருளாதாரத் தடையின் கீழும் பல்லாண்டு கழித்தது. எரிபொருளே அரிதான அவ்விடத்துக்கு, சாதாரண சாணையில் மீளத் தீட்டத்தக்க உருக்கு அலகே ஏற்றது. அதனைப் பின்தங்கிய தொழினுட்பம் என்பாருடன் நாம் உடன்படோம். 2002 இல் ஏ-9 வீதி திறந்து பொருள்கள் வந்தன. மின்வலை கிளிநொச்சியை மீள அடைந்ததோ 2009 இன் பின்னரே.