கிட்டியும் மாவுக்கட்டும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஒரு பீரியட் என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கையில் மாவுக்கட்டோடு இரண்டு வாலிபர்கள். கீழே, "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்களாம்" என்று ஒரு வரி. பலரும் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே குழுவில் இன்னொருவர், "செல்போன் தொலைந்துவிட்டது, ஸ்டேஷனில் யாருக்காவது தெரிஞ்ச ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார். "தெரிஞ்ச ஆள் இல்லாம தனியாப் போகாதே" என்று உடனே பதில் வந்தது. சிரித்தவர்களும் இவர்களேதான்.

அடுத்தவன் கை உடைந்தால் சிரிக்கிறோம். நாம் புகார் கொடுக்கப் போவதென்றால் துணைக்கு ஆள் தேடுகிறோம். இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதை வரலாற்று ஆசிரியனாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் நம் ஊர்க் கதை. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு, பாளையக்காரர் காலத்தில், அரியலூரில் மழவராயர்கள், உடையார்பாளையத்தில் உடையார்கள். அன்று காவல் என்பது ஊரார் கூலி கொடுத்து வைத்துக்கொண்ட ஏற்பாடு. களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரனுக்கு ஒரு பங்கு உண்டு. மாடு களவு போனால் அவன் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்டவேண்டும். இதிலும் கோளாறு இருந்தது. காவல்காரனே ஆள் வைத்து மாட்டை ஓட்டிவிட்டு, 'துப்புக்கூலி' வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதும் நடந்தது. ஆனாலும் அவன் ஊருக்குப் பதில் சொல்லவேண்டியவனாக இருந்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு இது மாறியது. 1816-இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டப்படி கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ் தலைவர், கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும் அவர்களுக்குக் கீழே. வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆள். பகலில் கிஸ்தி கேட்டு வந்த அதே தலையாரி, இரவில் திருட்டு விசாரணைக்கும் வந்தான்.

அந்தக் காலத்துச் சொல்தான் 'கிட்டி'. இரண்டு கழிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. வரி பாக்கிக்கும் இதுதான், களவுக்கும் இதுதான்.

இந்த விஷயம் 1854-இல் லண்டன் நாடாளுமன்றம் வரை போய் நாறியது. சென்னை அரசாங்கம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்பவர்கள் உறுப்பினர்கள். புகார் உள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். வந்து சேர்ந்த புகார்கள் 1,959. நேரில் வந்தவர்களும் கடிதம் எழுதியவர்களும் சேர்த்து இந்தக் கணக்கு. அன்று தென்னிந்தியாவில் ரயிலே கிடையாது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856 ஜூலையில்தான். நூற்றுக்கணக்கான மைல் கடந்து சென்னைக்கு வந்து, "என்னைக் கிட்டி போட்டார்கள்" என்று குடியானவர்கள் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழுவால் அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க முடியாது. யாரையும் தண்டிக்கவும் முடியாது. கேட்டு எழுதிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அதற்காகவே நடந்து வந்தார்கள்.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை பரவலாக இருப்பது உண்மை என்று குழு ஒப்புக்கொண்டது. வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரிக்கவேண்டும் என்றது. ஆனால் பழி முழுவதையும் இந்தியச் சிப்பந்திகள் தலையில் போட்டுவிட்டு, வரியை இவ்வளவு என்று நிர்ணயித்து வசூலுக்கு நெருக்கிய வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றிவிட்டது. கார்ல் மார்க்ஸ் 1857-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். நம் குடியானவர்கள் சொன்ன சொல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அறிக்கைக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு 1859-இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. இன்று நாம் பார்க்கும் காவல் நிலையம், இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள் எல்லாம் அந்த அமைப்பின் தொடர்ச்சிதான். வரி வேலை பிரிந்தது. ஆனால் காவல்காரன் ஊருக்குப் பதில் சொன்ன பழைய முறை திரும்பி வரவில்லை. புதிய போலீஸ் மேலே இருந்த அரசாங்கத்துக்கு மட்டும் பதில் சொன்னது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம்.

1860-இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 330-ஆம் பிரிவு, வாக்குமூலம் பிடுங்குவதற்காகக் காயப்படுத்துவது குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை என்றது. சட்டப் புத்தகத்தில் பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் கொடுப்பார்கள். நான் வகுப்பில் கணக்குக்கு உதாரணம் போடுகிற மாதிரி. இந்தப் பிரிவுக்கு அவர்கள் கொடுத்த உதாரணங்கள் நான்கு. முதலாவது, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிச் சித்திரவதை செய்யும் போலீஸ் அதிகாரி. இரண்டாவது, களவுப் பொருள் எங்கே என்று கேட்டுச் சித்திரவதை செய்யும் போலீஸ் அதிகாரி. மூன்றாவது, வரி பாக்கிக்காக அதைச் செய்யும் வருவாய்த்துறை அதிகாரி. நான்காவது, குத்தகைக்காகக் குடியானவனை வதைக்கும் ஜமீன்தார்.

ரவுடி, கொள்ளைக்காரன் என்று ஒரு உதாரணம்கூட இல்லை. நான்குமே அதிகாரம் கையில் வைத்திருப்பவர்கள்.

அதோடு நிற்கவில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 1861-லேயே சட்டத்தில் எழுதினார்கள். 1872-இன் சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவு ஆனது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும், 23-ஆம் பிரிவாக, அது அப்படியே இருக்கிறது. ஆக, போலீஸை நம்பத் தயங்குவது படிக்காதவனின் அறியாமை இல்லை. சட்டமே அந்தத் தயக்கத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் அதில் ஒரு சந்தும் வைத்தார்கள். குற்றவாளி சொன்ன தகவலால் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தத் தகவலை மட்டும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் "ஒப்புக்கொள்" என்று அடிப்பதைவிட "நகை எங்கே?" என்று அடிப்பதில் பயன் உண்டு என்றாகிவிட்டது. நகைத் திருட்டு வழக்குகளில் ஏழைகள் சாவதற்கு இந்தச் சந்தும் ஒரு காரணம்.

நம் மண்ணிலேயே ஒரு வழக்கு. 'ஜெய் பீம்' படம் பார்த்து நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். அதன் மூலக்கதை நம் மாவட்டத்தையும் தொடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1993 மார்ச் மாதம், அன்றைய தென்னாற்காடு மாவட்டம் முதனை கிராமத்தில், குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டு சந்தேகத்தில் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போனது. அவர் மனைவி பார்வதியையும் உறவினர்களையும் விட்டுவைக்கவில்லை. பிறகு, ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது.

அதற்கு மறுநாள் வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம், நம் மீன்சுருட்டி எல்லையில், அடையாளம் தெரியாத ஒரு பிணம் கிடைத்தது. அது ராஜாக்கண்ணு. அன்று மீன்சுருட்டி திருச்சி மாவட்டம். மாவட்டம் வேறு, நிலையம் வேறு, பதிவேடு வேறு. ஆற்றுக்கு அக்கரையில் 'தப்பி ஓடியவர்', இக்கரையில் 'பெயர் தெரியாத பிணம்'. இரண்டு பதிவேடுகளையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவரை அந்த மனிதர் எங்குமே இல்லை.

படிக்கவைத்தவர் பார்வதி. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். காவலர்களுக்கு உயர்நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது 2006-இல். இடையில் 13 வருஷம். யு.கே.ஜி. சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிடும் காலம் அது.

1860-இன் இரண்டாவது உதாரணத்தை மறுபடி படித்துப் பாருங்கள். களவுப் பொருள் எங்கே என்று கேட்டு வதைக்கும் போலீஸ் அதிகாரி. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் செத்ததும் காரில் இருந்த நகையைக் காணோம் என்ற புகாரில்தான்.

சிலர் கேட்பீர்கள்: "அடிக்காமல் கேட்டால் எந்தத் திருடன் சார் உண்மையைச் சொல்வான்?" அடித்துக் கேட்டால் திருடாதவனும் ஒப்புக்கொள்வானே, அதற்கு என்ன செய்வது? வலி தாங்காதவன் நாம் கேட்க விரும்புவதைச் சொல்வான். நிஜத் திருடன் அடுத்த தெருவில் நிம்மதியாக இருப்பான். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில், பெண் மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டபோது ஜனங்கள் பூத் தூவினார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தோடு சுட்டிருக்கிறார்கள் என்று 2022-இல் சொன்னது. சுடப்பட்டவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. தூவிய பூவைத் திரும்ப எடுக்க முடியுமா?

போலீஸில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். உங்களில் பலரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீங்கள் பந்தோபஸ்தில் நிற்பதும் தெரியும். வார விடுமுறை என்று 2021-இல் அரசாணை வந்தது. அது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று உங்களைத்தான் கேட்கவேண்டும். தூக்கமில்லாத மனிதனிடம் வழக்கைக் கொடுத்து "நாளைக் காலைக்குள் முடி" என்று மேலிருந்து நெருக்கினால் அவன் கை லத்திக்குத்தான் போகும். 1855-இல் தலையாரியை மட்டும் குற்றம் சொல்லி மேலே இருந்தவர்களை விட்டார்களே, அதே தவறை நாமும் செய்யக் கூடாது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தபோது, நிலையத்தில் இரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னவர் உங்களைப் போன்ற ஒருவர்தான், தலைமைக் காவலர் ரேவதி. அவர் போட்டிருந்ததும் அதே காக்கிதான்.

போலீஸ் மீது புகார் என்றால் யாரிடம் போவது? தன்னிச்சையான ஆணையம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டது. மாவட்ட ஆணையத்தின் தலைவர் யார் தெரியுமா? கலெக்டர். எஸ்.பி.யும் அதில் உறுப்பினர். கலெக்டரையும் போலீஸையும் பிரிக்கச் சொல்லி 1855-இல் அறிக்கை வந்ததை நினைத்துப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஓய்வுபெற்ற நீதிபதிகளை வைத்து இதை மாற்றவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டையும் தண்ணீரையும் கேட்பதுபோல இதையும் கேளுங்கள்.

அதுவரைக்கும் வீட்டில் எல்லோருக்கும் இவற்றைச் சொல்லி வையுங்கள். கைது செய்தால் காரணம் சொல்லவேண்டும். குடும்பத்துக்குத் தகவல் தரவேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க உரிமை உண்டு. பெண்களை விசாரணைக்கென்று நிலையத்துக்குக் கூப்பிடக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்கவேண்டும். இவை யாரும் போட்ட பிச்சை அல்ல. 1,959 பேரும் பார்வதியும் இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பேரும் நடந்து நடந்து வாங்கிக் கொடுத்தவை.

இனி மாவுக்கட்டுப் படம் வந்தால் சிரிப்புப் பொம்மை போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் திருடனாகவே இருக்கலாம். அதைச் சொல்லவேண்டியது நீதிமன்றம்.

படித்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள். என்னோடு ஒத்துப்போகாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள். குறிப்பாகக் காக்கி போட்டவர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்