தூக்கினால் ஜப்பான், வைத்தால் கொரியா

வடசென்னையில் ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் வரிசை கட்டிக் கப்பலேறி வந்தவை பெரும்பாலும் ஹூண்டாய் கார்கள். அதாவது கொரியா. வடக்கே எண்ணூர் துறைமுகத்தில் 2010 முதல் ஏற ஆரம்பித்தவை நிஸான் கார்கள். அதாவது ஜப்பான். இரண்டுக்கும் நடுவே சுமார் 24 கிலோமீட்டர். கார் விஷயத்தில் நம்மூரில் யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆட்கள் விஷயத்தில்தான் குழப்பம்! முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேருமே 'ஜப்பான்காரர்' ஆகிவிடுகிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

இரண்டு நாட்டுக்கும் போகிற பயணிக்கு முதல் நாள் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், குனிந்து வணக்கம் சொல்கிறார்கள், சோறு சாப்பிடுகிறார்கள், கையில் குச்சி. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சங்கதி புரியும்.

ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாய்க்கு அருகில் வைத்துச் சாப்பிட வேண்டும். மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தால் நாகரிகமில்லாதவர் என்று பெயர். சூப்பைக் கிண்ணத்தின் விளிம்பில் வாய் வைத்தே குடிப்பார்கள். கொரியாவில் இதற்கு நேர் எதிர். கிண்ணம் மேசையை விட்டு எழக்கூடாது, தூக்கினால்தான் மரியாதைக் குறைவு. சோற்றுக்கும் சூப்புக்கும் நீளமான கரண்டி, தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களுக்கு மட்டும் உலோகக் குச்சி. கொரியக் கிண்ணம் பெரும்பாலும் பித்தளை, பிறகு எவர்சில்வர். ஜப்பானில் சூப்புக்கு மரக் கிண்ணம். எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுட காபி பிடித்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் ஒரு காரணமாவது கையிலேயே தெரியும்.

ஆனால் ஜப்பான்காரர் தூக்குகிற பீங்கான் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கொரியர் இருக்கிறார். 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியா மீது இரண்டு முறை பாய்ந்தன. திரும்பும்போது குயவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பானின் பேர்பெற்ற அரிதா பீங்கான் அப்படிப் போனவர்கள் கையில்தான் பிறந்தது. மிளகாயின் கதை இன்னும் வேடிக்கை. 1614-இல் கொரிய அறிஞர் யி சு-குவாங் எழுதிய நூல் அதை 'ஜப்பான் கடுகு' என்கிறது. ஜப்பானிலோ அதற்குக் 'கொரிய மிளகு' என்று ஒரு பெயர் இருந்தது! உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்கு, நம்மூருக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த அதே மிளகாய். கொரியா கிம்ச்சியைச் சிவப்பாக்கிக்கொண்டது, ஜப்பான் சமையலோ அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. யாருக்கு யார் பற்று, யாருக்கு யார் வரவு என்று பேரேடு எழுத உட்கார்ந்தால் இருப்பு டாலி ஆகாது.

வீட்டுத் தரையும் வேறு. கொரியாவில் அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டுத் தரையையே சூடாக்கிய 'ஒந்தோல்' முறை. ஜப்பானில் வைக்கோல் பாய்.

கூப்பிடுகிற முறையில்தான் கொரியா நமக்குப் பக்கத்து வீடு மாதிரி தெரிகிறது. அங்கே 'ஓம்மா', 'அப்பா' உண்டு. உறவே இல்லாதவரையும் வயதில் மூத்தவர் என்றால் அண்ணன், அக்கா என்று அழைப்பார்கள், ராயபுரத்தில் 'அண்ணே' என்பது போல. பெரியவர் எதிரில் மது குடிக்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். ஜப்பானில் பெரும்பாலும் குடும்பப் பெயரோடு ஒரு 'சான்' சேர்த்தால் போதும். இந்த ஒற்றுமைகளை வைத்து ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு 1900-களின் தொடக்கத்தில் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் புத்தகம் போட்டார். பிற்பாடு சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு என்றார், பொங்கலையும் ஜப்பானின் 'சிறு புத்தாண்டை'யும் அருகருகே வைத்துப் பார்த்தார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்கவில்லை. நமக்குக் கேட்க இனிப்பாக இருக்கிறது என்பதற்காக உண்மையாகிவிடாது அல்லவா?

சரி, ஒரு கொரியரை ஜப்பான்காரர் என்று சொன்னால் ஏன் முகம் மாறுகிறது? 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. 1938-க்குப் பிறகு பள்ளிகளில் கொரிய மொழி ஓரங்கட்டப்பட்டது. 1940-இல் ஜப்பானியப் பாணியில் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், சுமார் 80 சதவீதம் பேர் மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். கிண்ணத்தை மேசையில் வைத்தே சாப்பிடுவது அந்த வீட்டுக்குள் மிச்சமிருந்த சொத்து.

அந்தத் தலைமுறைக் கொரியர்கள் சிலரைச் சென்னைத் துறைமுகம் பார்த்திருக்கிறது. 1953-இல் கொரியப் போர் நின்றபோது, ஊர் திரும்ப மறுத்த போர்க்கைதிகளின் விவகாரம் ஜெனரல் திம்மையா தலைமையிலான ஆணையத்திடம் வந்தது. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று 76 கொரியர்கள் நின்றார்கள், கூடவே 12 சீனர்களும். 1954 பிப்ரவரியில் இந்தியப் படையினரோடு 'அஸ்டூரியாஸ்' கப்பலில் அவர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். பிறகு டெல்லி. பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள், ஒருசிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள்.

1996-இல் ஹூண்டாய் தமிழ்நாட்டுக்கு வர அப்போது இன்னும் 42 வருஷம் இருந்தது.