வெட்ட வெட்டத் தழைக்கும் வெட்டிவேர்

கோடையில் பானைத் தண்ணீருக்கு மணமூட்டும் வெட்டிவேர், ஒரு புல்லின் வேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அந்தப் புல்லின் தலையை வெட்டவேண்டும் என்பதை அறிவீர்களா? நான் அறியாதிருந்தேன்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வடிகாலை ஒட்டிய மேட்டில் அம்மா நட்ட வெட்டிவேர் வரிசையைப் பல ஆண்டுகள் நாங்கள் தொடவே இல்லை. ஆள் உயரம் வளர்ந்தது. நடுவில் காய்ந்து சருகாயிற்று. புதருக்கும் புதருக்கும் இடையே சந்து விழுந்தது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, மேட்டு மண் அந்தச் சந்துகளின் வழியாகத்தான் கரைந்து போயிற்று. "பாம்பு அடையும், வேரோடு தோண்டி எறியுங்கள்" என்றனர் அக்கம்பக்கத்தார். தோண்டுமுன் இப்புல்லின் வரலாற்றைச் சற்றுப் படித்தேன்.

1950களில் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் மண் அரிப்பைத் தடுக்க ஜான் கிரீன்ஃபீல்டு என்பவர் வெட்டிவேரை வரிசையாக நட்டுப் பயன் கண்டார். 1980களில் உலக வங்கியின் பணியில் இந்தியா வந்த அவரும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் அதே முறையை இங்கே பரப்ப முனைந்தனர். வேடிக்கை என்னவென்றால், மைசூர்ப் பக்கம் குண்டலுப்பேட்டை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நில எல்லைகளில் இதையே நட்டு வந்திருந்தார்கள்! இளந்தழையை அடிக்கடி அறுத்து மாட்டுக்கும் போட்டார்கள். தீவனத்துக்காக அறுத்த அறுப்பே வேலியையும் அடர்த்தியாக வைத்தது. 1987இல் உலக வங்கி வெளியிட்ட சிறு கையேடு வழியாக இந்தப் புல்வேலி பல நாடுகளுக்குப் பரவியது.

காரணம் எளியது. புல்லின் வளர்மொட்டுகள் நுனியில் இல்லை, மண்ணை ஒட்டிய தூரில் உள்ளன. தழையை வெட்டினால் தூருக்கு வெளிச்சம் கிடைத்துப் பக்கத்தூர்கள் கிளைக்கின்றன; சந்து அடைபடுகிறது. அடர்ந்த வரிசையில் மோதும் நீர் வேகம் இழக்கிறது. வேகம் இழந்த நீரால் மண்ணைச் சுமக்க இயலாது. வண்டல் அங்கேயே படிகிறது. வேரோ 3 மீட்டர் ஆழம்கூடப் போகும். 1996இல் வெளியான அளவீட்டின்படி அதன் சராசரி இழுவலிமை 75 மெகாபாஸ்கல், அதாவது மென் எஃகில் சுமார் ஆறில் ஒரு பங்கு. ஒரு புல்லுக்கு இது கொஞ்சமா?

(தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்த 'வெட்டிவேரியா' என்ற பேரினப் பெயரை 1999இல் நீக்கி, இதைக் 'கிரைசோபோகன்' பேரினத்தில் சேர்த்துவிட்டனர். எனக்குச் சிறிது வருத்தம்தான்.)

ஆகவே நான் தோண்டவில்லை. புரட்டாசியில், நீண்ட கழியால் முதலில் புதரைத் தட்டிவிட்டு, முழுக்கைச் சட்டையுடன் தழையை ஓர் அடி உயரத்துக்கு அறுத்தேன். ஓரத்துத் தூர்களை இரண்டு மூன்றாகப் பிரித்து, தழையை 20 செ.மீ., வேரை 10 செ.மீ. அளவுக்கு நறுக்கி, சந்துகளில் 15 செ.மீ. இடைவெளியில் நட்டேன். தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே களையாகப் பரவும் என்ற அச்சம் வேண்டாம். அறுத்த சருகை எரிக்காமல் வாழைக்கு மூடாக்காகப் போட்டோம். இரண்டு மழைக்காலங்களில் சந்துகள் மூடிவிட்டன.

பானைக்கு வேர் வேண்டுமென்றால், நான்கு தூர்களை மணல் நிரப்பிய சாக்கில் தனியே வளர்த்துக்கொள்ளுங்கள். மேட்டில் நிற்பதைத் தோண்டாதீர்கள்.