ஐம்பது ரூபாய் அபராதம்: துணைக் காவலர் தன்னார்வலரான வரலாறு

நந்தினி சுந்தர் வழக்கில் 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்துவதைத் தடை செய்தது. மாதம் 3000 ரூபாய் மதிப்பூதியம், ஐந்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு முன்னுரிமை, கையில் துப்பாக்கி என்று நடந்துவந்த ஏற்பாடு அது. தீர்ப்பின் முடிவோடு எனக்குப் பிணக்கில்லை. நீதிபதிகள் பி. சுதர்சன் ரெட்டி, எஸ்.எஸ். நிஜ்ஜார் அமர்வு அம்முடிவுக்குப் போகும் வழியில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தை வாசித்த விதம்தான் மறுபரிசீலனைக்கு உரியது. தன்னார்வத் துணைக் காவலரின் வரலாற்றை எழுத முனையும் எவரும் இன்று அந்த வாசிப்பைக் கடந்துதான் போகவேண்டியிருக்கிறது.

அமர்வின் வாதம் ஓர் ஒப்பீட்டில் நிற்கிறது. சத்தீஸ்கர் காவல் சட்டம், 2007இன் 9ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் எந்த நேரத்திலும் எந்த நபரையும் சிறப்புக் காவல் அலுவலராக அமர்த்தலாம் என்கிறது. 1861 சட்டத்தின் 17ஆம் பிரிவோ எந்தச் சூழலில் அமர்த்தலாம் என்பதைத் தெளிவாக வகுத்துச் சொல்கிறது: சட்டவிரோதக் கூட்டமோ கலகமோ நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்கும் என்று நியாயமாக அஞ்சப்பட வேண்டும், இருக்கிற காவல் படை போதாமல் இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், அமர்த்தப்படுவோர் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். பழைய சட்டம் கட்டுப்பாடுடையது, புதிய சட்டம் கட்டற்றது என்று அமர்வு முடிவு செய்தது.

வாசகத்தைப் பொறுத்தவரை இதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டுப்பாடுகள் யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டவை? பயிற்சியற்ற காவலரிடமிருந்து பொதுமக்களைக் காப்பதற்காக என்பது போல் தீர்ப்பு வாசிக்கிறது. இரண்டு பிரிவு தள்ளி நின்று பார்த்தால் வேறு காட்சி தெரியும்.

19ஆம் பிரிவு மிகச் சிறியது. சிறப்புக் காவல் அலுவலராக அமர்த்தப்பட்டவர் போதிய காரணமின்றிப் பணியாற்ற அலட்சியம் செய்தாலோ மறுத்தாலோ, கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டாலோ, ஒவ்வொரு முறைக்கும் 50 ரூபாய்வரை அபராதம். 1861இல் 50 ரூபாய் என்பது சாமானியன் மாதக்கணக்கில் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. ஆக, 17ஆம் பிரிவு பேசுவது விரும்பி வருகிறவரைப் பற்றியே அல்ல. பிடித்து நிறுத்தப்படுகிறவரைப் பற்றி.

ஏன் 50 ரூபாய்? இங்கிலாந்தில் 1831ஆம் ஆண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சட்டம், அழைக்கப்பட்டும் பணிக்கு வராதவருக்கு 5 பவுன்வரை அபராதம் விதித்தது. அக்காலத்தில் ரூபாய்க்கு ஏறத்தாழ இரண்டு ஷில்லிங். 5 பவுனுக்கு 50 ரூபாய். தொகை மட்டும் ஒத்திருந்தால் தற்செயல் என்று தள்ளலாம். அலட்சியம், மறுப்பு, கட்டளை மீறல் என்ற அடுக்கும் அதே வரிசையில் அமைந்திருக்கிறது. கலகம் நடந்திருத்தல் அல்லது நியாயமாக அஞ்சப்படுதல் என்ற நிபந்தனையும் அங்கிருந்தே வருகிறது. 1861 சட்டத்தை அயர்லாந்துக் காவல் படையின் நகல் என்று சொல்லிவிட்டு நகர்வது நம்மிடையே வழக்கம். 17 முதல் 19 வரையிலான மூன்று பிரிவுகளுக்கு அது பொருந்தாது. இது அகச்சான்றை மட்டும் கொண்ட முடிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் மூன்று ஒற்றுமைகள் ஒரே இடத்தில் கூடும்போது, கடன் வாங்கவில்லை என்று சொல்பவரே சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

ஒற்றுமையைவிட வேறுபாடு இன்னும் பேசுகிறது. 1831 சட்டத்தில் நம்பத்தகுந்த சாட்சி ஒருவர் சத்தியம் செய்து சொன்ன பிறகே இரண்டு ஜஸ்டிஸ்கள் வீட்டுக்காரர்களை அழைக்க முடியும். இந்தியாவுக்கு வந்தபோது சாட்சி மறைந்து, அந்த இடத்தில் காவல் அதிகாரி உட்கார்ந்துகொண்டார். மறுக்கக் காரணம் காணாதவரை மாஜிஸ்திரேட் அவர் கேட்டதைத் தந்தாக வேண்டும். நோயும் தவிர்க்க முடியாத விபத்தும் விலக்காக இருந்த இடத்தில், 'போதிய காரணம்' என்ற நெகிழ்வான சொல் வந்தது. அமர்வு பாராட்டிய கட்டுப்பாடு அப்போதே பாதி தளர்ந்திருந்தது.

இந்தப் பிரிவுக்குள் இருந்த கட்டாயத்தை அரசு அறிந்தே பயன்படுத்தியது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கத்தின்போது, 1905இல், ரங்பூரில் வக்கீல்கள் உள்ளிட்ட முக்கியஸ்தர்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களாக நியமித்து ஆணையிட்டார்கள். காவலுக்கு ஆள் சேர்ப்பதைவிட அவமானப்படுத்துவதே அதன் நோக்கம். 1848இல் லண்டனில் சார்ட்டிஸ்டுகளுக்கு எதிராகத் திரட்டப்பட்ட கூட்டத்தையும் தூய தன்னார்வம் என்று கொண்டாட முடியாது. ஒன்றரை லட்சம் என்றும் அதற்கு மேலும் சொல்லப்பட்ட எண்ணிக்கையைப் பிற்கால ஆய்வு ஏறத்தாழப் பாதியாக்குகிறது. லூயி நெப்போலியன் தானாக வந்து உறுதிமொழி எடுத்திருக்கலாம். பட்டறைத் தொழிலாளி முதலாளியின் முகத்தைப் பார்த்தே எடுத்திருப்பான்.

என் வாதம் இதுதான்: சூழல் நிபந்தனையும் அக்கம்பக்க நிபந்தனையும் கட்டாயத்தோடு பிறந்தவை. விருப்பமில்லாதவனை இழுக்க வேண்டுமானால், எப்போது இழுக்கலாம், எவ்வளவு தூரத்துக்கு இழுக்கலாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டாயம் போனபோது நிபந்தனையும் உடன் போயிற்று. இதற்கு எதிர்வாதம் உண்டு. நிபந்தனைகள் செலவைக் குறைக்க எழுதப்பட்டிருக்கலாம், ஜஸ்டிஸ்களின் அத்துமீறலைத் தடுக்கவும் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் பிந்தைய வரலாறு என் பக்கம் சாய்கிறது. முதல் உலகப் போர் தொடங்கியதும் 1914இல் பிரிட்டனில் வந்த சட்டம், கலகம் இல்லாமலே ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நியமிக்க வழி செய்தது. 1923இல் அது நிரந்தரமாயிற்று. மனமுவந்து சேர்பவர் பெருகிய காலமும் அதுவே.

இந்தியாவில் இதே நகர்வு பம்பாயில் நடந்தது. 1946 டிசம்பர் 6 ஊர்க்காவல் படையின் பிறந்த நாள் என்று கொண்டாடப்படுகிறது. மொரார்ஜி தேசாயின் பெயரும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படும். 1947ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம் அதைத் தன்னார்வ அமைப்பு என்று முகப்பிலேயே அறிவிக்கிறது. உள்ளே போனால், அழைக்கப்படும்போது காவல் அலுவலருக்குரிய அதே அதிகாரம், அதே பாதுகாப்பு. போதிய காரணமின்றி வர மறுத்தால் தண்டனை. இது 1861இன் 18, 19ஆம் பிரிவுகளின் எதிரொலி. 17ஆம் பிரிவின் நிபந்தனைகள்தான் காணாமற்போயின. புதிய படை புதிய கருத்திலிருந்து பிறந்தது என்ற அதிகாரப்பூர்வ வரலாற்றை இவ்வளவில் ஏற்க இயலாது. 1962 சீனப் போருக்குப் பின் மற்ற மாநிலங்களும் இந்த அச்சையே எடுத்துக்கொண்டன. நம் தமிழ்நாட்டுச் சட்டம் 1963இல் வந்தது.

சேர்வது இன்று விருப்பம். சேர்ந்த பின் மறுப்பதுதான் குற்றம். திருவிழாப் பந்தோபஸ்திலும் போக்குவரத்துச் சந்திப்பிலும் நாம் பார்க்கும் ஊர்க்காவல் படையினர் இந்த இரட்டை நிலையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் நிரந்தர ஊழியர் அல்லர், ஆனால் நாட்படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னதும் அதே முடிச்சைத் தொட்டது. சட்டமே இல்லாமல் 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கி, சாத்தான்குளம் மரணங்களுக்குப் பின் 2020இல் தடை செய்யப்பட்ட 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு வேறு கிளை, இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தத் தொடரில் வைத்தால், சத்தீஸ்கரின் 9ஆம் பிரிவு 1861இலிருந்து திடீரென விலகியதல்ல, ஒரு நூற்றாண்டாக நடந்துவந்த கழிவின் கடைசிப் படி. 2011 அமர்வு சிறப்புக் காவல் அலுவலர்களுக்கு விட்டுவைத்தவை பேரிடர் உதவி, போக்குவரத்து ஒழுங்கு போன்ற வேலைகளே. ஊர்க்காவல் படை நடைமுறையில் ஏற்கெனவே ஒதுங்கியிருந்த எல்லைக்கே தீர்ப்பும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் சத்தீஸ்கர் அரசு துணை ஆயுதக் காவல் படைக்கென்று தனிச் சட்டம் இயற்றி, பழைய சிறப்புக் காவல் அலுவலர்களைச் சம்பளப் பணிக்குள் கொண்டுவர வழி செய்தது. அங்கே துணைக் காவலர் தன்னார்வலராக இருப்பது நின்றுபோகிறது.