கடல் கடந்து ஓடப் பிறந்த கார்

ஜப்பானில் செய்யப்படும் ஒரு கார் ஜப்பானியத் தெருக்களுக்கே சற்றுப் பெரிதாக இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? 1997 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் வெளியிட்ட ‘ஹாரியர்’ என்ற காரின் அகலம் 1.815 மீட்டர். அந்நாட்டு விதிப்படி 1.7 மீட்டருக்கு மேல் அகலமுள்ள கார் சிறிய கார் வகுப்பில் சேராது. அளவில் பிழை ஏதுமில்லை. அமெரிக்காவின் அகன்ற சாலைகளை மனத்திற்கொண்டு உருவான வண்டி அது. 1998 மார்ச்சில் ‘லெக்சஸ் ஆர்.எக்ஸ். 300’ என்ற பெயரில் அங்கே விற்பனைக்கு வந்தது.

இதன் வேர் 1981-இல் இருக்கிறது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் ஜப்பானியச் சிறு கார்களை அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினர். அங்குள்ள தொழிற்சாலைகள் தள்ளாடின. அமெரிக்காவின் வற்புறுத்தலால், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ‘தானாகவே’ ஒப்புக்கொண்டது. (எவ்வளவு தானாக என்பதை நீங்களே ஊகிக்கலாம்!) இந்த வரம்பு எண்ணிக்கைக்குத்தான், விலைக்கு அன்று. நூறு மூட்டைகள்தாம் அனுப்பலாம் என்றால் வணிகர் தவிட்டையா அனுப்புவார்? எனவே விலையுயர்ந்த கார்களின் பக்கம் ஜப்பானியர் திரும்பியதற்கு இவ்வரம்பும் ஒரு முக்கிய காரணமாயிற்று. 1986-இல் ஹோண்டா ‘அக்யூரா’வையும், 1989-இல் டொயோட்டா ‘லெக்சஸை’யும், நிஸ்ஸான் ‘இன்ஃபினிட்டி’யையும் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தின. வரம்பு 1994-இல் நீங்கியது, பெயர்கள் நிலைத்தன. ஜப்பானிலேயே லெக்சஸ் என்ற பெயரில் கார் விற்கத் தொடங்கியது 2005-இல்தான்.

1990-களில் அமெரிக்கச் செல்வர்களுக்கு உயரமான, நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளின் மீது மோகம் பிறந்தது. ஆனால் அவற்றுள் பல லாரியைப் போலக் கட்டப்பட்டவை. கனமான எஃகுச் சட்டத்தின் மேல் உடற்பகுதியை வைத்துப் பூட்டியிருப்பார்கள். காட்டுப் பாதைக்கு அது ஏற்றது. கடைவீதிக்குப் போய்வரக் குலுக்கலும் எரிபொருள் செலவும் மிகுதி.

சாதாரணக் காரிலோ தனிச்சட்டம் இல்லை. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. மெல்லிய அட்டை ஒன்றை முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையும். அதே அட்டையைப் பெட்டியாக மடித்து ஒட்டிவிட்டு முறுக்குங்கள், விறைத்து நிற்கும். தகடு மெல்லியதாக இருந்தாலும் கூடு வலுவாவதன் இரகசியம் இதுவே. 1997-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான பயணிகள் கார் டொயோட்டாவின் ‘கேம்ரி’. அதன் அடிப்படை அமைப்பின் மீதே ஆர்.எக்ஸ். 300-இன் உயரமான கூட்டை எழுப்பினர். 3 லிட்டர் கொள்ளளவும் ‘வி’ வடிவில் ஆறு சிலிண்டர்களும் கொண்ட என்ஜின் 220 குதிரைத் திறன் தந்தது. தோற்றம் முரட்டு வண்டி. ஓட்டமோ சொகுசுக் கார்!

இது முழுக்கப் புதிய எண்ணம் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1979-இலேயே காரை உயர்த்தி, நான்கு சக்கர இயக்கம் சேர்த்து, ‘ஈகிள்’ என்று விற்றது. அதற்குச் சொகுசு வண்டி என்ற மதிப்பை டொயோட்டா கூட்டியது.

இவ்வகை வண்டிகளுக்குச் சட்டமும் மறைமுகமாக உதவியது என்பதை நாம் மறக்கலாகாது. அக்காலத்தில் அமெரிக்க நிறுவனங்களின் கார்கள் சராசரியாக லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர் ஓட வேண்டும். சிறு லாரிகளுக்கு 8.8 கிலோமீட்டரே போதும். உயரமான வண்டிகள் பல இரண்டாம் வகுப்பில் இடம்பெற்றுச் சலுகையை அனுபவித்தன. எண்ணெய்ச் சிக்கனத்தால் அமெரிக்காவில் காலூன்றியவர்களே இப்படி மாறியது வேடிக்கைதான். 2005-இல் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் இணைந்த ஆர்.எக்ஸ். 400எச் வந்தபின் நிலைமை ஓரளவு சீரடைந்தது.

2003 முதல் ஆர்.எக்ஸ். கனடாவின் ஒன்டேரியோ மாநிலத்திலும் தயாராயிற்று. ஜப்பானுக்கு வெளியே உருவான முதல் லெக்சஸ் அது. ஹாரியரும் பின்னர் தனி வழியில் பிரிந்து, 2013-இல் ஜப்பானியருக்கென்றே வடிவமைக்கப்பட்ட காராக மாறியது. அதற்கடுத்த ஹாரியர் 2020-இல் மீண்டும் கடல் கடந்து, ‘வென்சா’ என்ற பெயரில் 2024 வரை அமெரிக்காவில் விற்கப்பட்டது.