ஒஸ்ரின் காரும் லான்ட்மாஸ்டரும் சைக்கிளும்

குளிர்நாடுகளில் வாழும் நம்மவர், எந்த வாகனம் பனியில் சறுக்காமல் ஓடும் என்று ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் ஒரு காலத்தில் இத்தகைய ஒப்பீடு நடந்தது. அங்கே பனியில்லை, சேறும் நீரேரியும் எரிபொருள் தடையும் இருந்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. புதிய கார்கள் கொட்டகைகளில் முடங்க, ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் தெருவுக்கு வந்தன. அவற்றின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு; ஆகவே தரம் குறைந்த எரிபொருளையும் ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளரும் மணமக்களும் அந்தப் புகையோடுதான் பயணித்தார்கள்.

ஆனால் தார் வீதி முடியும் இடத்தில் காரின் பெருமையும் முடிந்தது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், வன்னிக்குச் செல்ல மக்கள் கொம்படி, ஊரியான் வழியைப் பிடித்தார்கள். அது வீதியன்று, சேறும் ஆழங்குறைந்த நீரும் நிறைந்த வெளி. இழுவைப் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் நம் வயல்களில் சேறு கண்ட இரு சக்கர உழவு இயந்திரம். பாரம் இழுப்பதில் அதற்கு நிகரில்லை. எனினும் பாரத்தோடு புதைந்தால் பலர் சேர்ந்து தள்ளவேண்டும். சைக்கிளோ, ஓடும்வரை மனிதனைச் சுமந்தது. ஓடாத இடத்தில் மனிதன் அதைத் தோளில் சுமந்தான்.

பின்னர் கிளாலி நீரேரி வழி வந்தது. நாகதேவன்துறைக் கடற்படைத் தளத்துக்கு அஞ்சி, மக்கள் இரவிலேயே கடந்தார்கள். இயந்திரப் படகொன்று பல வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுத்தது. 1993 ஜனவரியில் அந்த நீரில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அந்த வள்ளங்களிலும் சைக்கிள்கள் ஏறின.

இறுதிச் சோதனை 1995 ஒக்ரோபர் 30 அன்று வந்தது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டார்கள். மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை அண்டிய வீதியில் கார்களும் லான்ட்மாஸ்டர்களும் அடிக்கு அடி நின்றன. சைக்கிளை உருட்டிச் சென்றவரும் நடந்தே சென்றார். ஆயினும் கரியரில் அரிசி மூட்டையும், பாரில் பிள்ளையும் இருந்தன. நடக்க முடியாத முதியவரைக் கொண்டுபோக மட்டும் சைக்கிள் போதவில்லை. கார் இல்லாத வீடுகளில் முதியவர்கள் சிலர் பின்தங்க நேர்ந்தது. ஆகவே எது சிறந்த வாகனம் என்ற கேள்விக்கு, உங்கள் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதே விடையை முடிவுசெய்தது.

2002 இல் ஏ-9 வீதி திறந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. இன்று அந்நீரேரியைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். கடக்கும்போது, அன்று உங்கள் வீட்டுச் சைக்கிள் யாரைச் சுமந்தது என்று பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அதை அறிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.